மணியடிக்கச் சொன்னது நான்தான்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒளித்தும் பிரயோசனமில்லை, சிவகாசியில் பாதிப் பேருக்குத் தெரியும். அப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு காலண்டர் கம்பெனியில், ஆட்களை அனுசரித்து வேலை வாங்குவதற்கென்று மேலாளராக எடுத்தார்கள். தபால் வழியில் நான் படித்த எம்.பி.ஏ.தான் காரணம். மனிதர்கள் எதற்காக வேலை செய்கிறார்கள், எப்போது மனம் விட்டுப் பேசுகிறார்கள், கூட்டமாகச் சேர்ந்தால் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்றெல்லாம் இரண்டு வருடம் படித்து நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். பரீட்சையில் என் கோபத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆவணியில் நான் சேர்ந்த அன்று, மாடியில் இருக்கும் தன் அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, சிரித்துக்கொண்டே சொன்னார். "சீசன் முடியிற வரைக்கும் பாப்போம். ஒரு லோடு திரும்பி வந்துச்சுன்னா நீங்களும் திரும்பிப் போக வேண்டியதுதான். சரிதானே?"

சரி என்று தலையாட்டிவிட்டேன். எனக்கு அந்த வேலை வேண்டும். கல்யாணமாகிப் பதினாறு வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்தவள். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "நான் வேலைக்குப் போயிட்டு வாரேன்" என்று வீட்டைப் பார்த்துச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறதே, அது எனக்கு முப்பத்தொன்பது வயதில்தான் கிடைத்தது. முதல் வாரம் இரண்டு தடவை சொன்னேன், வீட்டுக்காரருக்குக் காது கேட்கவில்லையோ என்று.

எனக்குக் கொடுத்தது தாள் சேர்க்கும் கூடம். தினசரிக் காலண்டர் எப்படி உருவாகிறது என்று அதைக் கிழிக்கிறவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். நீள மேசையில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு அடுக்கு இருக்கும். ஜனவரி என்றால் முப்பத்தொரு அடுக்கு. பன்னிரண்டு பெண்கள் மேசையைச் சுற்றி நடந்துகொண்டே, ஒன்றிலிருந்து ஒரு தாள், அடுத்ததிலிருந்து ஒரு தாள் என்று எடுத்து, ஒரு மாதத்தைக் கையில் சேர்த்துவிடுவார்கள். அப்படிப் பன்னிரண்டு மாதமும் சேர்ந்ததும் பைண்டிங்கில் தலைப்பில் தகரப்பட்டை வைத்து அழுத்துவார்கள். இவ்வளவும் பேச்சோடு பேச்சாக நடக்கும். மாமியார் கதை பேசி முடிவதற்குள் மார்ச் முடிந்திருக்கும்.

அந்தக் கூடத்துக்கு ஒரு தலைவி உண்டு. யாரும் நியமிக்கவில்லை, சம்பளத்திலும் வித்தியாசம் இல்லை. என் வயதுதான். முன்பு எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள். அவள் சிரித்தால் பன்னிரண்டு பேரும் சிரிப்பார்கள், அவள் முறைத்தால் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றும். நாற்காலி கொடுத்து உண்டாக்கும் தலைமை ஒன்று, ஆட்கள் தாமாகவே ஏற்றுக்கொள்ளும் தலைமை இன்னொன்று என்று என் புத்தகத்தில் இருந்தது. நாற்காலி என்னிடம் இருந்தது. மற்றதெல்லாம் அவளிடம் இருந்தது.

நான் படித்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் ஒன்று உண்டு. தப்பைப் பயமில்லாமல் வாய் திறந்து சொல்ல முடிகிற இடத்தில்தான் தப்பு குறையும் என்பது அது. ஆகா, இதைச் செய்துவிட வேண்டும் என்று துடித்தேன். பாத்திரக்கடையில் ஒரு வெண்கலக் கைமணி வாங்கி வந்து என் மேசையில் வைத்தேன். "தவறு கண்டால் மணி அடிக்கவும். யாரும் கோபிக்க மாட்டார்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். 

தலைவி அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, மேசையைச் சுற்றி நடந்துகொண்டே மற்றவர்களிடம் சொன்னாள். "பூனைக்கு யாருடி மணி கட்டுறதுன்னு கேப்பாகல்ல? இங்கன பூனையே மணிய வாங்கியாந்து வச்சிருக்கு!" கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் மேலாளர் என்பதால் சிரிக்கவில்லை. அது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு மறுநாள். ஒருத்தி வந்து மணியை அடித்தாள். நான் கணக்கெடுக்கும் மும்முரத்தில் இருந்தேன். "என்ன?" என்றேன். "மின்விசிறி கரகரங்குது மேடம்" என்றாள். "இதுக்கெல்லாமா மணி அடிப்பாக? அறிவு வேண்டாம்?" என்று கத்திவிட்டேன். வாய்க்கும் மூளைக்கும் நடுவில் எனக்கு வாசற்கதவே வைக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த மணியை யாரும் தொடவில்லை. தண்ணீர் குடித்த டம்ளரை அதன்மேல் கவிழ்த்து வைத்தார்கள். நானோ, மணி அடிக்கவில்லை என்றால் தப்பே நடக்கவில்லை என்று நினைத்து, அண்ணாச்சியிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன்.

போதாக்குறைக்குச் சுத்தம் செய்யும் உற்சாகம் வேறு வந்தது. கூடத்தின் மூலையில் ஒரு பழைய அலமாரி நிறையத் தேதித் தாள்கள் கலந்து கிடந்தன. அச்சில் கிழிந்தால், மை தீற்றினால் மாற்றிக்கொள்ள ஒவ்வொரு தேதியிலும் கொஞ்சம் கூடுதலாக அடிப்பார்கள், அதன் மிச்சம். தேவையில்லாததை அகற்று என்பதும் ஒரு பாடம்தானே? யாரையும் கேட்காமல் பழைய பேப்பர்காரரை வரச்சொல்லி மொத்தத்தையும் ஏற்றி அனுப்பினேன். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அண்ணாச்சி மட்டும் எட்டிப் பார்த்து, "கூடம் பளிச்சுன்னு இருக்கே!" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது, எனக்குத்தான் தெரியாது. யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால், அடுத்த வருடக் காலண்டரில் அந்த முகூர்த்த நாளின் தாளை எடுத்து, அதன் தலைப்பில் மஞ்சள் தடவி, கம்பெனியில் வேண்டியவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் அதுதான் அழைப்பு. வாங்கியவர்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியில் செருகி வைப்பார்கள். இன்னும் வராத வருடத்தின் ஒரு நாள் முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடும். மஞ்சளைத் தலைப்பில்தான் தடவ வேண்டும். தகரப்பட்டை மறைக்கும் இடம் அது, அந்தக் கைகளுக்கு அப்படிப் பழக்கம்.

அந்தக் கார்த்திகையில் கல்யாணப் பெண் ஒருத்தி இருந்தாள். இருபத்துமூன்று வயது, விஸ்வநத்தத்திலிருந்து வருவாள். மாப்பிள்ளைக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை. தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் முகூர்த்தம். அவள் அழைப்புக் கொடுத்த அதே வாரம் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. சரக்கு அனுப்ப வேண்டிய நாளில், லாரி மாலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அண்ணாச்சி காலையிலேயே மூன்று தடவை சொல்லிவிட்டார்.

அன்று காலை அந்தப் பெண் என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். கையில் என்னவோ ஒரு தாள். நான் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நிமிராமலேயே "என்ன?" என்றேன். ஒன்றுமில்லை என்று போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள். மறுபடி "என்ன?" அந்த ஒரு வார்த்தையை நான் எப்படிச் சொல்வேன் என்று என் பிள்ளைகளைக் கேட்டால் நடித்தே காட்டுவார்கள். அவளும் போய்விட்டாள்.

பத்து மணிக்கு வெளியே லாரியில் பெட்டி ஏற்றும் சத்தம் ஆரம்பித்தது. அப்போது மணி அடித்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, திரும்பினேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மணியைப் பிடித்து அந்தப் பெண் ஆட்டிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, ஆட்டுவதை நிறுத்தவில்லை. மேசையைச் சுற்றிய பதினொரு பேரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள்.

"மேடம், லாரிய நிறுத்துங்க" என்றாள். "அறுவத்திரண்டு காலண்டர்ல ஒரு தை வெள்ளிக்கிழம இல்ல மேடம். வியாழக்கிழமைக்கு அடுத்தாப்புல சனிக்கிழமதான் இருக்கு."

லோடு திரும்பினால் நானும் திரும்ப வேண்டும், அதுதான் முதலில் தோன்றியது. நாக்கு நுனிக்கு என்னென்ன வார்த்தை வந்தது என்று இங்கே எழுத முடியாது. வாயைத் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் கண் என் எழுத்தின்மேல் பட்டது. "யாரும் கோபிக்க மாட்டார்கள்." நானே எழுதி நானே ஒட்டியது. வாயை மூடிக்கொண்டேன். கர்த்தரே, அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா! கொதிக்கிற சோற்றை வாயில் போட்டுக்கொண்டு துப்பாமல் இருப்பது மாதிரி இருந்தது.

"உக்காருமா" என்றேன். "முதல்லயிருந்து சொல்லு."

அவள் அழைப்புக்காக அறுபத்திரண்டு தாள் எடுத்திருக்கிறாள். மேசையில் இருந்த அடுக்கிலிருந்தே எடுத்திருக்கிறாள். கடைசியில் அந்த வெள்ளிக்கிழமை அடுக்கு மட்டும் முன்னாலேயே தீர்ந்துபோயிற்று. சொல்லப் பயந்து, அந்த அறுபத்திரண்டு ஜனவரியையும் அப்படியே வைத்திருந்து, மறுநாள் எங்கேயாவது தாள் கிடைத்தால் செருகிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். அதற்குள் பைண்டிங்கில் எடுத்துத் தகரம் அடித்துவிட்டார்கள்.

"மேசையிலிருந்து ஏன் எடுத்தே?" என்று கேட்டேன். என்னால் முடிந்தவரை மெதுவாகத்தான் கேட்டேன்.

தலைவிதான் முன்னால் வந்தாள். "என்னைக்கும் அந்த மூலை அலமாரியிலதான் எடுப்போம் மேடம். மிச்சத் தாளுதானே, யாருக்கும் நட்டமில்ல. அதத்தான் நீங்க பேப்பர்காரருக்கு ஏத்தி விட்டீகளே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம்" என்றாள் அவள். "மின்விசிறிக்குச் சொன்னவ என்ன வாங்கிக் கட்டிக்கிட்டான்னு பாத்தோமே."

தலைக்கு மேலே அந்த மின்விசிறி கரகரவென்று சுற்றியது, நான் இன்னமும் அதைச் சரிசெய்திருக்கவில்லை. அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. ஊருக்கு உபதேசம் செய்யப் படித்தவள், அலமாரியையும் காலி செய்து, அவர்கள் வாயையும் அடைத்திருக்கிறேன்.

அதற்குள் மணிச் சத்தம் கேட்டு அண்ணாச்சியே மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "என்ன சத்தம்?" என்றார். கல்யாணப் பெண் எழுந்தாள். நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"தப்பு என்னுது அண்ணாச்சி" என்றேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அலமாரியைச் சொன்னேன், மின்விசிறியைச் சொன்னேன், என் வாயைச் சொன்னேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "லாரி நாலு மணிக்கு. அச்சுத் தட்டு மாட்டி, அடிச்சு, காயவச்சு, வெட்டுறதுக்குள்ள நாளைக்கு விடிஞ்சிரும். என்ன செய்யப் போறீக?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அப்படிச் சொன்னதும் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் தலைவி கையைத் தட்டினாள். "தாளு எங்கயும் போகலியே! எல்லாம் நம்ம வீட்டுக் கண்ணாடியிலதானே இருக்கு!"

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்காது. அச்சுப் பிரிவில், வெட்டும் பிரிவில் வண்டி வைத்திருந்த ஆம்பிளைகள் எல்லாம் கிளம்பினார்கள். ஆளாளுக்கு வீட்டுக்குப் போன் போட்டார்கள். "ஏலே, கண்ணாடியில செருகியிருக்க தாள எடுத்து வாசல்ல நில்லு! அழுக்காக்கிராத!" "யத்தா, மஞ்சத் தாளு, மஞ்சத் தாளு! கரண்டு பில்லு இல்ல!" ஒருத்தி வீட்டில் பேரன் அதை ராக்கெட் செய்து பறக்கவிட்டு, அது பக்கத்து வீட்டுக் கூரையில் போய் விழுந்திருந்தது. அதையும் கம்பு வைத்து எடுத்து வந்தார்கள். அண்ணாச்சி வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டி வந்தது. ராக்கெட்டை நானே தேய்த்து மறுபடியும் வெள்ளிக்கிழமை ஆக்கினேன்.

கூடத்தில் கடைசியாகக் கட்டிய இருபது பெட்டிகளையும் பிரித்துப் போட்டோம். பன்னிரண்டு பெண்களும் கட்டைவிரலால் விர்ரென்று புரட்டி, அந்த வெள்ளிக்கிழமை இல்லாததை மட்டும் தூக்கிப் போட்டார்கள். நானும் புரட்டிப் பார்த்தேன். நான் ஒன்று பார்ப்பதற்குள் அவர்கள் பத்து பார்த்தார்கள். "மேடம், நீங்க எண்ணுங்க, அது போதும்" என்று தலைவி என்னை மரியாதையாக ஒதுக்கிவிட்டாள். பைண்டிங்காரர்கள் தகரத்தை நெம்பி, தாளைச் செருகி, மறுபடி அழுத்தினார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. புத்தகத்தில் குழு மனப்பான்மை என்று ஒரு முழு அத்தியாயம் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்றரைக்கு அறுபத்தொன்று முடிந்தது. ஒன்று குறைந்தது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போது கல்யாணப் பெண் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். காலையில் என் மேசை முன்னால் இரண்டு தடவை கொண்டுவந்து நின்ற அதே தாள்.

"இது ஒங்களுக்கு வச்சது மேடம்" என்றாள்.

என்னை விட்டுவிட்டு எல்லோருக்கும் கொடுத்திருப்பாள் என்றுதான் மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். விட்டிருந்தாலும் நியாயம்தான். வாங்கினேன், மஞ்சளை ஒரு தடவை முகர்ந்து பார்த்தேன், பைண்டிங்காரரிடம் கொடுத்தேன்.

அண்ணாச்சி ஒரு காலண்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மஞ்சள் தெரியலியே?" என்றார். "தகரத்துக்குள்ள போயிருச்சு அண்ணாச்சி" என்றோம். "தெரிஞ்சாத்தான் என்ன, ஜவுளிக்கடைதானே? முகூர்த்தப் பட்டு எடுக்க வாரவுகளுக்குக் குடுக்கப் போறாக. மங்களமா இருக்கட்டும்!" நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லாரி கிளம்பியது. கூடத்தில் ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள், வெடிச்சத்தத்துக்குப் பழகிய ஊரே என்னவோ என்று எட்டிப் பார்த்தது.

மறுநாள் முதல் வேலையாக மின்விசிறியைப் பழுதுபார்த்தேன். மிச்சத் தாளைத் திரும்பவும் அலமாரியில் சேர்க்கச் சொன்னேன். மணி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. தாள் தலைகீழாக இருக்கிறது என்று அடித்தார்கள், பசை தண்ணீராக இருக்கிறது என்று அடித்தார்கள், என் கண்ணாடி என் தலையிலேயே இருக்க நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றும் அடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுர்ரென்று வரும். விழுங்கிக்கொண்டு, "சொல்லுங்க" என்பேன். நாலில் மூன்று தடவை வெற்றி.

டிசம்பர் கடைசியில் அண்ணாச்சி என்னை மாடிக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவையும் காபி வந்தது, சிரிப்பு வரவில்லை. "லோடு திரும்பி வரல, வாஸ்தவம். ஆனா அந்தப் பொண்ணு மணியடிக்கலைன்னா வந்திருக்கும். படிச்சவுக, கேக்காம அலமாரியக் காலி பண்ணலாமா? பொங்கலோட முடிச்சுக்கிடுவோம். அடுத்த சீசனுக்கு வேற ஆளு பாக்கேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கூடத்துக்கு இறங்கி வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வேலையைப் பார்த்தேன். வாசலில் நின்று போயிட்டு வாரேன் என்று சொல்வதற்கு இன்னும் எத்தனை காலை மிச்சமிருக்கிறது என்று மட்டும் மனம் எண்ணிக்கொண்டிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் மேசையில் மணியைக் காணோம். மேசையைச் சுற்றியும் ஒருத்தியும் இல்லை. எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "எங்க போய்த் தொலைஞ்சாக எல்லாரும்?" என்று காலிக் கூடத்தைப் பார்த்துக் கத்தினேன்.

மாடியில் மணி அடித்தது.

விட்டு விட்டு இல்லை, நிறுத்தாமல் அடித்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். அண்ணாச்சி அறையில் பன்னிரண்டு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். தலைவி அவர் மேசைக்கு நேர் எதிரே நின்று மணியை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, என்னதான் வேணும்? நிறுத்திட்டுச் சொல்லு!"

அவள் நிறுத்தினாள். "தப்பு பாத்தா அடிக்கச் சொல்லிருக்காக, அண்ணாச்சி. நீங்க பேசினா கீழ பைண்டிங் வரைக்கும் கேக்கும். மேடத்த அனுப்புறது தப்பு." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யாரும் கோவிக்க மாட்டாகன்னும் எழுதியிருக்கு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன், ஏனென்றால் அழுகை வந்துகொண்டிருந்தது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். "சரி, சரி. தப்புத்தான். மணிய மட்டும் கீழ கொண்டுபோயிருங்க, புண்ணியமாப் போகும்!"

படியில் இறங்கும்போது கல்யாணப் பெண் என் கையைப் பிடித்து ஒரு தாளைத் திணித்தாள். அலமாரியிலிருந்து எடுத்ததுதான். அடுத்த வருடத்து ஆடிப் பதினெட்டு. எங்கள் தொழிலில் புதுக் காலண்டருக்குப் பூசை போட்டு அடுத்த சீசனைத் தொடங்கும் நாள். தலைப்பில் மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை.

"அன்னைக்கு வேலைக்கு வந்துருங்க மேடம்" என்றாள்.